பழுத்த இலையும் பறிபோன வேலையும்

என் வாழ்க்கையில் நான் மிகச் சுத்தமாகச் செய்து முடித்த வேலைக்காகத்தான் என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இதில் எனக்கு இன்றுவரை வெட்கம் கிடையாது. (கோபம் இருக்கிறது. அது வேறு.)

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சாப் பகுதியில், ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை செய்தேன். வீட்டு எசமானியை அங்கே அப்படித்தான் கூப்பிட வேண்டும். சின்ன முற்றம். அதில் ஒரு தொட்டியில் ஜப்பான் மேப்பிள் மரம். மரம் என்றால், என் இடுப்புக்குக்கூட வராத குள்ளன். பன்னிரண்டு வயதாம். எங்கள் ஊர் மன்னாரில் அதற்குள் ஒரு முருங்கை நாலு தரம் முறிந்து நாலு தரம் கூரைக்கு மேலே போயிருக்கும்.

ஆனாலும் நான் குறை வைக்கவில்லை. குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்று மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். சிரோக்கோ என்கிற வெக்கைக் காற்று அடித்தால், இலை கருகாமல் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நிழலுக்கு ஓடினேன். என் முதுகுவலிக்கு அந்தக் குள்ளன்தான் காரணம்.

அந்த வருடம்தான் மனைவி ஜெசி ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். அவளுக்கு அவசரமாக ஒரு வேலை வேண்டும். கார்த்திகையில் சிஞ்ஞோரா தோழிகளை விருந்துக்கு அழைத்தார். நகரின் பொலிதேயாமாப் பக்கம் இருக்கும் ஒரு தோழி வேலைக்கு ஆள் தேடுகிறார், ஜெசியையும் கூட்டிக்கொண்டு வா என்றார். முற்றம் சுத்தமாக இருக்கட்டும், எல்லாரும் மரத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்றும் சொன்னார்.

விருந்தன்று போய்ப் பார்த்தால் மரம் முழுக்கச் சிவக்கச் சிவக்கப் பழுத்த இலை. பேருக்குக்கூட ஒரு பச்சை இலை இல்லை. விருந்தாளி வருகிற வீட்டில் இப்படியா? உட்கார்ந்து, கொப்பு நோகாமல், ஒவ்வொன்றாகக் கிள்ளினேன்.

ஜெசி வந்து பார்த்தாள். "என்னப்பா, மரத்துக்கு மொட்டை போட்டிருக்கிறியள்?"

"பழுத்த இலையப்பா. ஆக்கள் வரேக்கை வடிவா இருக்க வேண்டாமே?"

"சிஞ்ஞோராட்டைக் கேட்டனீங்களே?"

"இதுக்கும் கேக்கிறதே?"

தோழிகள் கையில் கிளாசுடன் முற்றத்துக்கு வந்தார்கள். மரம் இழந்த நிறம் முழுவதும் சிஞ்ஞோராவின் முகத்துக்கு வந்தது. இலை எங்கே என்று கேட்டார். குப்பைப் பையில் என்றேன். 'பழுத்த இலை'க்கு இத்தாலியனில் சொல் தெரியாததால் 'செத்த இலை' என்று விளக்கமும் கொடுத்தேன். அந்தச் சிவப்புக்காகத்தான் அவர் வருடம் முழுவதும் காத்திருந்தாராம்.

நான் விடவில்லை. "உதிரப்போகிற இலையைக் காட்ட ஆராவது விருந்து வைப்பினமே, சிஞ்ஞோரா?" என்பதை எனக்குத் தெரிந்த இத்தாலியனில் கேட்டேன். தோழிகள் சிரித்தார்கள். சிஞ்ஞோரா சிரிக்கவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். பொலிதேயாமாத் தோழி வாயைத் திறக்க முன்னமே ஜெசியின் பக்கம் திரும்பி, நாளைக் காலை நீ வா என்றார். மரத்தைத் தொடமாட்டாய்தானே என்று மட்டும் கேட்டார். ஜெசி பயத்தில் "ஓம், ஓம்" என்று தமிழிலேயே தலையாட்டினாள்.

பங்குனியில் அந்தக் குள்ளன் ஒரு குறையுமில்லாமல் தளிர்த்ததாம். (ஜெசி சொல்லித்தான் தெரியும். நான் அப்போது ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன்.)

ஜெசி அந்த வீட்டில் பல வருடம் இருந்தாள். இன்றைக்கும் கலியாண வீடுகளில் யாராவது, "அக்கா, உங்களுக்கு அந்த நல்ல வேலையை ஆர் எடுத்துத் தந்தது?" என்று கேட்டால், என்னைத்தான் காட்டுவாள்.

"இவர்தான். தன்ரை கையாலை, ஒவ்வொண்டாக் கிள்ளி."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எடுத்துக் கொடுத்தது நான்தானே.