தயாபரன் சேரின் வயிற்றுப் பூச்சி

"பூச்சி சேர். வயித்துப் பூச்சி," என்றார் பதுளை டொக்டர், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தபடி.

தயாபரனுக்குக் காது சுட்டது. ஸ்பிரிங்வெளித் தோட்டப் பாடசாலையில் நகம் வெட்டாத பிள்ளையை வகுப்புக்குள் விடாத ஆசிரியர் அவர். வீட்டிலும் சோற்றுக்கு உட்காருமுன் மனைவி சுபாஜினியின் கையைத் திருப்பிப் பார்க்கிறவர்.

"நல்லாப் பாருங்க டொக்டர். யாரோட ரத்தமோ மாறியிருக்கும்."

"மாறல சேர். குடலுக்குள்ள சில செல்லுங்க காவலுக்கு நிக்குது. புழு வந்தா அதுங்க கூப்பாடு போடும். உடனே இயோசினோபில்னு ஒரு படை ரத்தத்துல பெருகும். புழு செத்தாலும் அந்தப் படை சீக்கிரம் கலையாது. உங்களுக்கு அதுதான் கூடியிருக்கு. வீட்டுல எல்லாரும் மாத்திரை போடுங்க."

எல்லாருமா? சுபாஜினியிடம் எந்த முகத்தோடு சொல்வது? தனக்கே தெரியாமல் தன் உடம்பு ஒரு சண்டை நடத்தியிருக்கிறதே என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தார். ஆனாலும் மானத்தை விட மனம் வரவில்லை.

தன் மாத்திரையை விழுங்கினார். மனைவி தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, அவளுடையதைப் பொடித்துப் பருப்புக் கறியில் கலந்தார். திரும்பி வந்த சுபாஜினி சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கருப்பம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

"கருப்பம்மா அக்கா வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க. நமக்குச் சம்பல் போதும்."

மறுநாள் வேறொரு மாத்திரை வாங்கி வந்து தேத்தண்ணியில் கலந்து நீட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் தேத்தண்ணி ஊற்றியதே இல்லை. சுபாஜினி கோப்பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"என்னங்க, டொக்டர் என்ன சொன்னாரு? பெரிய வருத்தம் ஏதும் வந்திருக்கா? எங்கிட்ட மறைக்காதீங்க!"

"ஒண்ணுமில்ல புள்ள..."

"ஒண்ணுமில்லாமலா நீங்க தேத்தண்ணி ஊத்துறீங்க?"

தயாபரனுக்குப் பொறுக்கவில்லை. இவளை இப்படிக் கலங்கவைத்துக் காப்பாற்றுகிற மானம் என்ன மானம்?

"பூச்சி, சுபா. என் வயித்துல பூச்சி. உனக்கும் மாத்திரை கொடுக்கணும்னாரு. சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் தேத்தண்ணியில கலந்துட்டேன். மன்னிச்சிரு."

சுபாஜினி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரையே பார்த்தாள்.

கழுவிய சட்டியோடு வாசலில் வந்து நின்ற கருப்பம்மா இதைக் கேட்டு வாயைப் பிளந்தாள்.

"ஏன்டி சுபா, போன மாசம் உனக்குப் பூச்சி வந்தப்ப, சேருக்குத் தெரியாம அவரு பாயாசத்துலயும் மாத்திரையக் கலந்து குடுத்தியே, அது வேலை செய்யலியா?"