தையல் சர்ட்டிபிகேட்டும் எங்கள் கமிட்டியும்

மனிதர்களில் கமிட்டியார் என்று ஓர் இனம் உண்டு. பினாங்கில் இந்த இனத்துக்குப் பஞ்சமே இல்லை. சூலியா தெருவில் ஏதாவது ஒரு மாடிப்படி ஏறிப் பாருங்கள். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டும் ஆறிப்போன கோப்பியுமாக, யாரோ கஷ்டப்பட்டுக் கற்ற வித்தையை அவர் கற்றது மெய்தானா என்று தீர்மானித்துக்கொண்டிருப்பார்கள். அந்த வித்தை அவர்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் கமிட்டியில் எதற்கு உட்கார்ந்திருக்கிறார்கள்! அடியேன் எங்கள் தமிழர் சபையின் தையல் பரீட்சைக் கமிட்டியில் இருக்கிறேன். எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது.

கமிட்டியார் ஒரு நாளும் 'வேண்டாம்' என்று சொல்ல மாட்டார். 'சரி' என்றும் சொல்ல மாட்டார். சொல்லிவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு என்ன வேலை?

சபை நடத்தும் தையல் வகுப்பில் ஆசிரியை ஹபீபா பீவியிடம் கற்றுத் தேறியவள் நவமணி. தகப்பனார் படுத்த படுக்கை. வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் கிடையாது. புக்கிட் மெர்த்தாஜாம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் ஆசிரியை வேலை காலி. திங்கட்கிழமை சர்ட்டிபிகேட்டோடு வந்தால் வேலை என்று சொல்லியிருந்தார்கள். என்னிடம் ஓடி வந்தாள்.

"அண்ணே, ஹபீபா அக்கா பாஸ் போட்டுட்டாங்க. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்லா."

"போட்டுடலாம் தங்கச்சி. கூடிப் பேசிட்டு..." என்றேன்.

கூடினோம். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி சின்னையா, சர்ட்டிபிகேட்டுக்குத் தங்க நிறத்தில் கரை போடாவிட்டால் சபையின் மானம் கப்பலேறிவிடும் என்றார். பணம் மாற்றும் கடை காஜா மொய்தீன், தலைவர் கையெழுத்து வலப்பக்கமா இடப்பக்கமா என்று ஆரம்பித்து, கோப்பி இரண்டு தடவை வந்து போகும்வரை விடவில்லை.

வாசலில் நின்ற ஹபீபா பீவிக்குப் பொறுக்கவில்லை. "இந்தப் புள்ள தச்ச ரவிக்கையக் கையோட கொண்டாந்திருக்கேன். ஒரு தடவ பாருங்களேன்!"

"அது அஜெண்டாவுல இல்லம்மா" என்றார் காஜா மொய்தீன்.

நானாவது சும்மா இருந்தேனா? "பிறருக்குச் சர்ட்டிபிகேட் கொடுக்கும் யோக்கியதை நமக்கு உண்டென்று நமக்கு யார் சர்ட்டிபிகேட் கொடுத்தது?" என்று கேட்டுவைத்தேன். அடேயப்பா! கைத்தட்டலில் அறையே கிடுகிடுத்தது. சின்னையா எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கே என்னை நினைத்துப் புல்லரித்தது. ஆகவே, முதலில் பரீட்சகர்களாகிய எங்களுக்குச் சர்ட்டிபிகேட் வழங்குவதென்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. வழங்குவது யார்? வேறு யார், நாங்களேதான். அதை அச்சடித்து, ஒருவருக்கொருவர் மாலை போட்டு, வரிசையாக உட்கார்ந்து போட்டோ எடுத்து நிமிர்ந்தபோது திங்கட்கிழமை எப்போதோ போய்விட்டிருந்தது. வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது.

நவமணிக்கும் கொடுத்தோம், கொடுக்காமல் இல்லை. தங்கக் கரை, சிவப்பு முத்திரை, அத்தனை பேர் கையெழுத்தும். இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்குண்ணே. இத இப்ப நான் யாருகிட்ட காட்டுறது?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? இனி இப்படித் தாமதம் நேராதிருக்க ஓர் உபகமிட்டி போடலாம் என்று அங்கேயே பிரேரித்தேன். காஜா மொய்தீன் ஆமோதித்தார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். இதைப் படித்துவரும்போதே, 'அதெல்லாம் இருக்கட்டும், அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே தையல் தெரியுமா?' என்று உள்ளுக்குள் ஒரு கேள்வி எட்டிப் பார்த்ததா இல்லையா? பார்த்ததல்லவா? அப்படியானால் வெளியில் ஏன் நிற்கிறீர்கள்? மாடிக்கு வாருங்கள், உபகமிட்டிக்கு இன்னும் ஓர் ஆள் குறைகிறது.