கெட்டுப் போகாத பெட்டி

நெடுமாறன் தன் மாமனார் செல்லப்பனை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, அவர் ஒரு ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மேல் ஏறி நின்று, அவலூர்பேட்டைக் கோயில் வாசலில் சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, அது ஆம்ப்ளிஃபயரு. ஏணி இல்ல."

"ஏணி ஆடும் மாப்ள. இது ஆடாது."

அடுத்த வாரம் மாரடைப்பில் அவர் போய்விட்டார். பெட்டி போகவில்லை. மகள் ஜெயக்கொடியின் பங்காக நெடுமாறன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

நெடுமாறனுக்குச் செஞ்சியில் பெயிண்டுக் கடை. அது பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் எலெக்ட்ரானிக் டிரம்ஸ் வாசிப்பான். அது வாழ்க்கை. எலெக்ட்ரானிக் டிரம்ஸ் என்பது பார்வைக்கு வெறும் ரப்பர் தட்டுகள். ஒயரை ஆம்ப்ளிஃபயரில் சொருகினால்தான் அதற்கு உயிர் வரும். மாமனார் பெட்டியைப் பக்கத்தில் வைத்துச் சொருகினால், காதருகே இடியே வந்தது. மழையிலும் இடித்தது. தளவானூர்க் கச்சேரியில் ஜெனரேட்டர் கரண்டு எகிறி, டியூப்லைட்டுகள் வெடித்து, பாடகரின் மைக் ஊமையான பிறகும் அது இடித்துக்கொண்டேயிருந்தது.

அதுதான் அவன் கஷ்டம். அது கெட்டே போகவில்லை.

பெட்டி பச்சை நிறம். மாமனாரே பழைய கட்டில் பலகையை அறுத்து அறைந்தது. நெற்றியில் வெள்ளை எழுத்தில் 'செல்லப்பன் சவுண்டு சர்வீஸ்'. நெடுமாறன் ஜீன்ஸ் போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி உட்கார்ந்தாலும், கச்சேரி முடிந்ததும் ஜனங்கள் அவன் கையைக் குலுக்கி, "பிரமாதம் செல்லப்பன் சார்" என்றார்கள். திண்டிவனத்து டிரம்மர்களோ நீல விளக்கு எரியும் பெட்டிகளை வைத்திருந்தார்கள். அவை அரைமணிக்கொரு தரம் சூடாகி மயக்கம் போட்டன என்பது வேறு விஷயம். மயக்கம் போடும்போதுகூட விளக்கு எரிந்தது.

"ஜெயா, புதுசு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்."

"இருக்கறதுக்கு இன்னா கேடு?"

"பழசாயிடுச்சு."

"நீங்களுந்தான் பழசாயிட்டீங்க. மாத்திட்டனா?"

"மேடையில திடீர்னு நின்னுடுச்சுன்னா இன்னா பண்றது? மானம் போயிடும்."

"நின்ன அன்னிக்கே வாங்கிக்கலாம். நானே கூட வரேன்."

அன்றே நெடுமாறன் சபதம் எடுத்தான். பெட்டி நிற்க வேண்டும். நாலு பேர் பார்க்க நிற்க வேண்டும்.

உச்சி வெயிலில் வைத்துப் பார்த்தான். காற்றுப் போகும் துளைகளைப் போர்வையால் மூடி, கை ஓயும்வரை அடித்துப் பார்த்தான். போர்வைதான் கருகியது. "இது இன்னா கருகுற வாடை?" என்று ஜெயக்கொடி கேட்டதற்கு, "கொசுவத்தி" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அப்போதுதான் சிங்கவரத்தில் ஜெயக்கொடியின் தம்பி வெற்றிவேல், மகள் கலைமதிக்குக் காதுகுத்து வைத்தான். பந்தல், மைக் செட், நெடுமாறன் குழுவின் கச்சேரி. மாமியார் வீட்டு உறவு மொத்தமும் வரும். அங்கே பெட்டி படுத்தால் மச்சான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். நெடுமாறன் கிளம்புவதற்கு முன் பெட்டியின் முதுகைத் திருகி, உள்ளே இருந்த ஃபியூஸை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பீடித் துண்டு அளவுதான் இருந்தது. அவ்வளவு பெரிய பெட்டிக்கு அவ்வளவு சின்ன உயிர்.

சிங்கவரத்துப் பந்தலில் பாடகர் தொண்டையைச் செருமினார். நெடுமாறன் குச்சியை ஓங்கி அடித்தான். ஒன்றுமில்லை. மறுபடியும் அடித்தான். பந்தலே அமைதியானது.

"போயிடுச்சு" என்றான். துண்டால் கண்ணைக்கூட ஒற்றிக்கொண்டான். "மாமா கையால செஞ்சது. எத்தினி நாளுதான் ஒழைக்கும்?"

வெற்றிவேல் ஓடிவந்தான். "மாமா, கவலைய விடுங்க. நாளைக்கே புதுசு எடுத்துடலாம். என் செலவு."

"சேச்சே, உனக்கு எதுக்கு மச்சான் செரமம்? நீல லைட்டு எரியறதா பாரு."

சந்தனக் கிண்ணத்தோடு ஜெயக்கொடி வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"கர்ருனு ஒரு சத்தம் வந்தாலே குதிப்பீங்க. ஒயரைப் புடுங்கி மாட்டி, எல்லாரையும் திட்டித் தீப்பீங்க. இன்னிக்கு இன்னா, சாவு வூட்டுக்கு வந்தவரு மாதிரி கையைக் கட்டிக்கினு நிக்கறீங்க?"

"அதிர்ச்சி, ஜெயா."

"ஓ. அதிர்ச்சி."

அவள் பெட்டியைத் தொடவில்லை. மைக் செட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"ரங்கநாதண்ணே, உங்க மிக்சர்ல ஒரு ஓட்டை காலியா இருக்குதா?"

"ரெண்டு இருக்குதும்மா."

"இவரு டிரம்ஸ் ஒயரை அதுல சொருகுங்க."

டிரம்ஸை நேராக மைக் செட்டிலேயே இணைக்கலாம் என்பது எல்லா டிரம்மருக்கும் தெரிந்த விஷயம். எந்த டிரம்மரும் வீட்டில் சொல்லாத விஷயம். சவுண்டு சர்வீஸ்காரர் வீட்டில் பெண் எடுத்தவனுக்கு அந்த வசதி இல்லை.

"அது சரிப்படாது ஜெயா. டிரம்ஸுக்குன்னு தனியா..."

"சொருகுங்கண்ணே." புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க அடிங்க."

அடித்தான். பந்தலின் நான்கு மூலையிலும் இடி விழுந்தது. பந்தி இலைகளில் அப்பளம் நொறுங்கியது. காது குத்தும்போது அழாத கலைமதி இப்போது வீறிட்டாள். சனம் விசிலடித்தது.

வெற்றிவேல் தலையைச் சொறிந்தான். "மைக் செட்டே போதும்னா, மாமாவுக்கு எதுக்குக்கா பெட்டி?"

"அதான் எனக்கும் புரியல. இத்தினி வருஷமா அப்பா பெட்டியைத் தூக்கித் தூக்கி இடுப்பு புடிச்சிக்கினு வராரு, பாவம்."

"வாங்கித் தரேன்னு வாய வுட்டுட்டனே."

"சபையில சொன்னத மாத்தாதடா வேலு. எனக்கு ஒரு கிரைண்டரு எடுத்துக் குடு."

எல்லோரும் கை தட்டினார்கள். பாடகர் ஜாடை காட்டினார். அந்தக் கிரைண்டருக்கு நெடுமாறனே டிரம்ஸில் ஒரு உருட்டு உருட்ட வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் ஜெயக்கொடி கையை நீட்டினாள்.

"குடுங்க."

"எது?"

"ஃபியூஸு. சட்டையைத் துவைக்கணும்."

ரேடியோ ஒயரைச் சொருகியதில், பெட்டி இப்போது சமையலறையில் எஃப்.எம். பாடுகிறது. புது கிரைண்டரின் சத்தத்துக்கு மேலே கேட்க அதைவிட நல்ல பெட்டி செஞ்சியில் இல்லை என்கிறாள் ஜெயக்கொடி.

நெடுமாறன் ஞாயிறுதோறும் மைக் செட்டில் சொருகி வாசிக்கிறான். மைக் செட்டின் ஸ்பீக்கர்கள் சனத்தைப் பார்த்து நிற்கும்; வாசிக்கிறவனுக்கு முதுகைக் காட்டி நிற்கும். அவன் அடிக்கிற அடி பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கிறதாம். அவனுக்குக் கேட்பது ரப்பரில் குச்சி படுகிற சத்தம் மட்டும்தான்.