ஆர்க்டிக் கடலின் இதயத்துடிப்பு

ஸ்டியானுக்குக் கழுத்து வலித்தது. வலது தோளில் பிடித்து, முதுகு வழியாக இறங்கி, இடுப்பில் நிரந்தரமாகக் குடியேறிவிட்ட வலி. பதினாலு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து ஒரே விரலால் ஒரே பொத்தானை அழுத்தினால் அப்படித்தான். கீழே துறைமுகத்தில் காட் மீனுக்குத் தலை வெட்டுகிறவர்களுக்கு இந்த வலி புரியாது என்று ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறான்.

அவனும் மீன் கம்பெனியில் வேலை பார்த்தவன்தான். பதினெட்டு வயதில், பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் முதுகு வலி. ஆனால் எல்லாப் பேட்டியிலும் அந்தப் பதினோரு நாள் 'மீன் வாசனையில் கழிந்த என் இளமை' என்று வரும்.

தொலைபேசி அடித்தது. ஒஸ்லோவிலிருந்து விபெக்கே. அவன் பாட்டுகளை விற்றுக்கொடுப்பவள்.

"புதுசா அனுப்பினதைக் கேட்டாங்களா?" என்றான் ஸ்டியான்.

"கேட்டாங்க. பிளாஸ்டிக் வாளியில அடிச்ச மாதிரி இருக்காம்."

"அதுக்கு ஒம்பது நாள் ஆச்சு, விபெக்கே."

"வாளி நல்ல வாளியா இருக்கலாம். அந்த அமெரிக்கப் பாடகிக்கு உன் முதல் பாட்டுல வந்த தாள அடிதான் வேணும். அதே மாதிரி, ஆனா அதே பதிவு கூடாது. இன்னும் மெதுவா. திங்கட்கிழமை மதியத்துக்குள்ள."

"இல்லேன்னா?"

"ஒரு ஸ்வீடன் ஆள் கைவசம் இருக்கு. நேத்து அனுப்பினது நல்லாவே இருக்கு, ஆனா முதல் உரிமை உனக்குத்தான். மூணு வருஷத்துல ஒரு பாட்டு, ஸ்டியான். இதுவும் போனா கம்பெனி உன் ஒப்பந்தத்தை நீட்டிக்காது."

ஒப்பந்தம் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்வீடனிடம் போவதை ஒரு நோர்வேக்காரன் எப்படிப் பொறுப்பான்? இறுக்கமான கால்சட்டையும் எண்ணெய் தேய்த்த தலையுமாக ஸ்டாக்ஹோமில் ஒரு பையன் சிரிப்பது அவன் கண்ணில் தெரிந்தது.

அந்த முதல் அடி வந்த கதை இது. மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் அவன் அறையின் வெந்நீர்க் குழாயில் ஒரு சத்தம் கேட்டது. டொம்... டொம்... கொஞ்சம் தாமதித்து, டடொம். காலைத் தாங்கித் தாங்கி ஒருவன் நடக்கிற மாதிரி. குழாயில் மைக்கை ஒட்டி நாற்பது விநாடி பிடித்தான். அதன்மேல் ஒரு மெட்டை உட்கார வைத்தான். அந்தப் பாட்டு உலகத்தின் எல்லா உடற்பயிற்சிக் கூடங்களிலும் ஓடியது. சத்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சொன்னான்: "அது ஆர்க்டிக் கடலின் இதயத்துடிப்பு."

அடித்தளத்தில் இருக்கும் பொதுச் சலவை இயந்திரத்தின் துடிப்பு என்பது அவன் எண்ணம். அதைப் பேட்டியில் சொல்ல முடியுமா?

புகழ் வந்ததும் அவன் செய்த முதல் காரியம், படிக்கட்டு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியது. நோர்வேயின் வட கோடியில் இருக்கும் இந்த ட்ரொம்சோவில் யாரும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் குறை சொல்வதில்லை. தாள் ஒட்டுவார்கள். 'இக்கட்டடத்தில் படைப்புப் பணி நடைபெறுகிறது. தட்டுதல், இடித்தல், உரத்த பேச்சு ஆகியவற்றைத் தவிர்க்கவும்.' கையெழுத்து இல்லை. தேவையும் இல்லை. மற்றவர்கள் பேருந்து ஓட்டினார்கள், மீன் வெட்டினார்கள், கடலுக்குப் போனார்கள். படைப்புப் பணி ஒருவனிடம்தான் இருந்தது. கட்டடம் அடங்கிப்போனது.

ஸ்டியான் மைக்கை எடுத்துக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்கினான். சனிக்கிழமை காலை பத்து மணி. ஜனவரியில் அந்த ஊரில் சூரியன் எழுவதில்லை என்பதால் வெளியே கும்மிருட்டு.

சலவை அறையில் ரைடுன் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். குடியிருப்புச் சங்கத் தலைவி. அவள் தலைக்கு மேலே சுவரில் டுக்னாட் பட்டியல் தொங்கியது. மே மாதத்தில் எல்லா வீட்டுக்காரரும் கூடி முற்றம் கூட்டி, படிக்கட்டு கழுவி, வேலிக்குச் சாயம் அடிக்கிற நாள் டுக்னாட். கூலி கிடையாது, வாஃபிள் உண்டு. வந்தவர்கள் பெயருக்கு நேரே சிலுவைக் குறி. ஸ்டியானின் பெயருக்கு நேரே மூன்று வருடமாகச் சுத்தமான வெள்ளைத் தாள்.

"வழி தெரிஞ்சு வந்துட்டியே," என்றாள் ரைடுன்.

அவன் இயந்திரத்தை ஓடவிட்டு மைக்கை வைத்தான். அது பூனை மாதிரி முனகியது.

"இது ஏன் இடிக்கல?"

"புதுசு. இடிக்கக் கூடாதுன்னுதான் வாங்கினோம்."

ரைடுன் போனபிறகு தன் பனிக்காலணிகள் இரண்டையும் இயந்திரத்துக்குள் போட்டான். சத்தம் வந்தது, ஆனால் அது காலணிச் சத்தம். முற்றத்திலிருந்து மூன்று கல் எடுத்து வந்து சேர்த்தான். இப்போது நல்ல கனமான சத்தம். நாலாவது சுற்றில் கதவுக் கண்ணாடியில் ஒரு விரிசல் ஓடியது. இயந்திரம் நின்றது.

பழைய இயந்திரம் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் பனியில் கிடப்பது நினைவுக்கு வந்தது. உதிரி பாகத்துக்கு ஆகும் என்று ரைடுன் எதையும் தூக்கிப்போட விடமாட்டாள். பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றப் பார்த்தான். இடுப்பு 'மளுக்' என்றது.

அதே கட்டடத்தில் குடியிருக்கும் குனில்லா இரவு வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. ஸ்வீடனிலிருந்து ஒரு பருவத்துக்கென்று மீன் வெட்ட வந்து, பத்தொன்பது வருடமாக வெட்டுகிறவள். ரப்பர் பூட்ஸில் செதில் மின்னியது.

"இதை எங்க கொண்டுபோறீங்க?"

"உள்ளே. ஒரு ஆராய்ச்சி."

"நகருங்க," என்று அவள் ஒரு பக்கம் பிடித்தாள். அவன் மறுபக்கத்தைத் தொட்டுக்கொண்டு வந்தான். ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தபடியே அவள் பதினாலு படி இறங்கினாள். போன வருடம் இதே படிக்கட்டில் அவள் அவனிடம் ஏதோ கேட்டாள். அவன் ஹெட்போனைக் கழற்றாமல் ஒரு தாளில் எதையோ கிறுக்கிக் கிழித்துக் கொடுத்து அனுப்பிவைத்தான்.

"குழாயை நல்லா முறுக்குங்க," என்று சொல்லிவிட்டு அவள் தூங்கப் போனாள்.

அவன் கலைஞன். குழாயை மென்மையாக முறுக்கினான்.

பழைய இயந்திரம் முதலில் இருமியது. பிறகு குதித்தது. பிறகு குடிகாரன் வீட்டுக்குக் கிளம்புவது போலக் கதவை நோக்கி நடக்க ஆரம்பித்தது. ஸ்டியான் மைக்கை நீட்டிக்கொண்டே பின்னால் போனான். ஒரு கட்டத்தில் குழாய் கழன்றது. தண்ணீர் கூரை வரைக்கும் பீய்ச்சியது. அடைக்கும் திருகு எங்கே என்று டுக்னாட்டுக்கு வந்த எல்லோருக்கும் தெரியும்.

கால் மணி நேரத்தில் தண்ணீர் சாமான் அறைகளுக்குள் புகுந்தது. அங்கே உறைபெட்டிகளில் எல்லோருடைய கலைமான் இறைச்சியும் மேகப்பழம் என்கிற காட்டுப்பழத்தின் ஜாமும். எங்கோ ஒரு பிளக் 'படார்' என்றது. கட்டடம் முழுக்க விளக்கு அணைந்தது.

மேலே அவன் கணினியும் அணைந்தது. அதில் அவன் சேமிக்க மறந்த ஒன்பது நாள் வேலை இருந்தது. வாளிச் சத்தம்தான். இருந்தாலும் அவனுடைய வாளி.

எல்லோரும் நெற்றி விளக்கோடு இறங்கி வந்தார்கள். ரைடுன் திருகை மூடினாள். விரிசல் விட்ட புதிய இயந்திரத்தைப் பார்த்தாள். உள்ளே கிடந்த கல்லைப் பார்த்தாள். 

"டுக்னாட்," என்றாள். அவ்வளவுதான். வாளிகள் கை மாறின. தூங்கப்போன குனில்லாவும் எழுந்து வந்து துடைப்பத்தைப் பிடித்தாள்.

ஸ்டியான் மூன்றாவது படியில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"அந்த மூலையில இன்னும் கொஞ்சம் இருக்கு," என்றான்.

"நன்றி, இசையமைப்பாளரே," என்றது இருட்டில் ஒரு குரல்.

அது ஆர்ன்ஃபின். ஸ்டியானுக்கு நேர் கீழே, அடித்தள வீட்டில் இருப்பவன். ஐந்து வாரம் இழுவலை மீன்படகில், ஐந்து வாரம் வீட்டில். மதியம் ஒரு மணிக்குத் தண்ணீர் வற்றியது. எல்லோருக்கும் பசி, மின்சாரம் இல்லாமல் அடுப்பும் எரியாது. ஆர்ன்ஃபின் வீட்டுக்குள் போய்க் கட்டை மாதிரி காய்ந்த ஒரு காட் கருவாடும் சுத்தியலும் கொண்டு வந்தான்.

"இன்னைக்குச் சத்தம் போட்டா யாருக்கும் கோபம் வராதுன்னு நினைக்கிறேன்," என்றான். வெந்நீர்க் குழாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தான்.

டொம்... டொம்... டடொம்.

ஸ்டியான் மூன்று படியும் இறங்கியது அவனுக்கே தெரியவில்லை.

"ஆர்ன்ஃபின். இதை நீ... எப்பவும் இப்படித்தான் அடிப்பியா?"

"கருவாட்டை வேற எப்படி அடிக்கிறது? மூணாவது அடிக்கு முன்னால திருப்பிப் போடணும். இல்லேன்னா ஒரு பக்கம் பல்லை உடைக்கும்."

"மூணு வருஷம் முன்னால? இதே இடத்துலயா?"

"வீட்டுல இருக்கிற நாளெல்லாம் இங்கதான். அப்புறம் யாரோ ஒரு தாள் ஒட்டினாங்க. இடிக்கக் கூடாதுன்னு. அதுக்கப்புறம் மீன் கம்பெனி பின்னால போய், குளிர்ல உக்காந்து அடிக்கிறேன்."

யாரும் ஸ்டியானைப் பார்க்கவில்லை. அந்தக் கட்டடத்தில் அதற்கு அர்த்தம், எல்லோரும் பார்த்தார்கள் என்பது.

ஆர்க்டிக் கடலின் இதயத்தை ஆர்ன்ஃபின் ஆறாகப் பிய்த்து வாளிக்காரர்களுக்குக் கொடுத்தான். ஸ்டியான் ஈரத்தரையில் முட்டி போட்டான். பையிலிருந்து போனை எடுத்து நீட்டினான். 

"இன்னொண்ணு அடி, ஆர்ன்ஃபின். கொஞ்சம் மெதுவா. நாப்பது செகண்ட் போதும். என் பிழைப்பே இதுலதான் இருக்கு."

"எதுக்குப்பா? குனில்லாதான் பிடிச்சு அனுப்பிட்டாளே."

"எந்தக் குனில்லா?"

"இந்தக் குனில்லா. அவ பத்தொம்பது வருஷமா மீன் வெட்டிக்கிட்டே பாட்டுக் கட்டுறவ. போன வாரம் கம்பெனி பின்னால வந்து உக்காந்து, இது என்ன அடின்னு கேட்டா. ரெண்டு கருவாடு அடிச்சுக் குடுத்தேன். ஒஸ்லோல விபெக்கேயோ யாரோ, ஒரு அம்மாவுக்கு அனுப்பியிருக்கா. அவங்க நல்லா இருக்குன்னாங்களாம்."

குனில்லா துடைப்பத்தைப் பிழிந்தாள்.

"போன வருஷம் படிக்கட்டுல விபெக்கே முகவரி எழுதிக் குடுத்ததுக்கு நன்றி சொல்லலாம்னு ரெண்டு தடவை மணி அடிச்சேன்," என்றாள். "நீங்க ஹெட்போன் போட்டிருந்தீங்க."

ஸ்டியான் போனை நீட்டியபடியே இருந்தான். இறுக்கமான கால்சட்டைப் பையன் மெல்லக் கரைந்து, அவன் இடத்தில் செதில் ஒட்டிய ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் நின்றது.

"அவளுக்கு மட்டும் ஏன் அடிச்சுக் குடுத்த?" என்றான் ஆர்ன்ஃபினிடம். "நான் உன் தலைக்கு மேலேயேதானே இருக்கேன்."

ஆர்ன்ஃபின் வாயிலிருந்த கருவாட்டை நிதானமாக மென்று முடித்தான்.

"ரெண்டு மே மாசம் நான் கடல்ல இருந்தேன். என் டுக்னாட்டையும் அவதான் சேர்த்துச் செஞ்சா. அந்தக் கடனுக்குத்தான் அடிச்சேன். உனக்கு நான் என்ன தரணும்? நீதான் இந்தக் கட்டடத்துக்கு மூணு டுக்னாட் பாக்கி."

ரைடுன் சுவரில் இருந்த பட்டியலை எடுத்து, நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் இன்றைய தேதியை எழுதினாள். எல்லோர் பெயருக்கும் நேரே சிலுவைக் குறி போட்டுக்கொண்டே வந்து, ஓரிடத்தில் பென்சிலை நிறுத்தினாள்.

"நாலு," என்றாள்.