மாமியாருக்கு மயக்கம்

பிரபாவதி தன் படிப்புத் திட்டத்தை மூன்றாவது தடவையாகக் கிழித்துப் போட்டபோது ரயில் மயிலம் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தது.

முதல் திட்டம், விடியற்காலையில் எழுந்து படிப்பது. மாமியார் வெள்ளையம்மாள் அதற்கும் முன்னால் எழுந்து டி.வி.யில் பக்திப் பாட்டு வைத்துவிடுவாள். இரண்டாவது, விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும்போது ரயிலில் படிப்பது. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு டெபிட் எது, கிரெடிட் எது என்று யாரால் யோசிக்க முடியும்? மூன்றாவது, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் படிப்பது. புத்தகத்தைத் திறந்ததுதான் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

மிச்சமிருந்தது கடை நேரம் ஒன்றுதான். அதில்தான் ஆபத்து இருந்தது.

திண்டிவனத்தில் சீனுவாசனின் டைல்ஸ் கடையில் அவளுக்கு பில் போடும் வேலை. முதலாளி நல்ல மனுஷர். ஆனால் படிப்பு என்கிற சொல் மட்டும் அவருக்கு ஆகாது. இதற்கு முன் பில் போட்ட பெண் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு டிகிரி வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டாள். அவளுக்கு முன்னால் இருந்தவரும் அப்படியே.

"படிக்கிறவங்க எனக்கு வாணாம்மா. தொழில் கத்துக் குடுத்து நிமிந்து பாக்கறதுக்குள்ள போய்க்கினே இருக்காங்க. நீ படிக்கிறியா?" வேலைக்குச் சேர்ந்த அன்றே கேட்டார்.

"ஐயே, படிப்பா? அந்தப் பக்கமே போறதில்ல சார்."

அப்படிச் சொன்ன பிரபாவதிதான் இப்போது ஆன்லைனில் பி.காம். சேர்ந்திருந்தாள். ப்ளஸ் டூவோடு நின்றுபோன படிப்பு. இந்தத் தடவையும் விட்டால் இனி கிடையாது என்று அவளுக்குத் தெரியும். லாரியோடு வடக்கே போயிருந்த கணவன் தென்னரசுவையும் மாமியாரையும் தவிர வேறு யாருக்கும் விஷயம் தெரியாது.

இதுவரை பதிவு செய்த வீடியோக்கள்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் நேரடி வகுப்பு. அவரவர் படிப்புத் திட்டத்தைக் கேமரா முன்னால் வாசிக்க வேண்டும், வராதவர்கள் பெயர் நீக்கப்படும் என்று கல்லூரி செய்தி அனுப்பியிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரபாவதி முதலாளியின் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"சார், இன்னிக்கு சீக்கிரம் போவணும். அத்தைக்கு மயக்கமா வருது."

"அடடா. டாக்டர்கிட்ட காமிச்சீங்களா?"

"இல்ல சார்."

"இன்னாம்மா நீ, காமிக்காம வுட்டுட்டு இங்க வந்து பில்லு போட்டுக்கினு இருக்கிற?"

"காமிச்சோம் சார். காலைல காமிச்சோம். ஒண்ணுமில்லன்னுட்டாரு."

"ஒண்ணுமில்லன்னா அப்புறம் ஏன் போற?"

"அவரு சொன்னதுக்கு அப்புறம்தான் சார் ரொம்ப வருது."

சீனுவாசன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டாக்டருக்கே புடிபடலயா? என் மச்சானுக்கு இப்பிடித்தான் வந்துது. தலைல ஸ்கேன் எடுத்தாங்க. நீ கெளம்பு, கெளம்பு. நான் பின்னாடியே வர்றேன்."

"நீங்க எதுக்கு சார், வாணாம்."

"சும்மா இரும்மா. வூட்ல ஆம்பள இல்லாத நேரம்."

அவள் ஓடிப்போய் ரயிலைப் பிடித்தாள். வீட்டுக்குள் நுழைந்தபோது வெள்ளையம்மாள் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, அவித்த மல்லாட்டைக் கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்த, படுங்க."

"எதுக்குடி?"

"உங்களுக்கு மயக்கம்."

"எப்பலேர்ந்து?"

"காலைலேர்ந்து. மொதலாளி பாக்க வர்றாரு."

வெள்ளையம்மாள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும், கையிலிருந்த மல்லாட்டை மொத்தத்தையும் வாயில் அடைத்துக்கொண்டு பாயில் சாய்ந்துவிட்டாள்.

சீனுவாசன் ஒரு கையில் இளநீரும் மறு கையில் மயிலம் முருகன் கோயில் விபூதியுமாக வந்தார். பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து குனிந்தார்.

"எப்பிடிம்மா இருக்கு?"

வாய் நிறைய மல்லாட்டை. வெள்ளையம்மாளால் பதில் சொல்ல முடியவில்லை. உதட்டைத் திறக்காமல் மெதுவாக ஒரு பக்கமாக மென்றாள்.

சீனுவாசனின் முகம் வெளுத்துப் போனது. "பிரபா, வாயி ஒரு பக்கமா கோணிக்கினு போவுது பாரு. பேச்சும் வரல. இது மயக்கமில்லம்மா, வாதம்."

"இல்ல சார், அவங்க எப்பவுமே அப்பிடித்தான்."

"எப்பவுமேவா? இவ்ளோ நாளா கவனிக்காம வுட்டுட்டியா?"

வெள்ளையம்மாள் அவசரமாக விழுங்கப் பார்த்தாள். தொண்டையில் சிக்கிக் கண் பிதுங்கியது. அதைப் பார்த்து முதலாளிக்கும் கண் பிதுங்கியது. அவர் தன் வாட்சைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், மறுபடியும் வாட்சைப் பார்த்தார்.

"வெளியில டவர் கிடைக்கும். மச்சான்கிட்ட பேசி ஆஸ்பத்திரில சொல்லி வக்கிறேன். நீ தண்ணி குடு" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு விரைந்தார்.

பிரபாவதி தண்ணீர் கொடுத்தாள். கொடுத்த கையோடு போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து, வாசலுக்கு முதுகு காட்டி நின்று கேமராவைத் தட்டினாள். வகுப்பு தொடங்கியிருந்தது. கலைப்பிரியா மேடம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் பேசிய ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்டது. நெட் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"பிரபாவதி, விழுப்புரம். உங்க பிளான வாசிங்க."

அவள் மெல்லிய குரலில் தொடங்கினாள். அதே நேரத்தில் கூடத்தில் வெள்ளையம்மாளுக்கு வாய் காலியாகிவிட்டது. விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிப்பதுபோல், "ஐயோ, தலை சுத்துதே, எம் புள்ள மொகத்தப் பாக்காமப் போறேனே" என்று பெருங்குரலெடுத்தாள்.

"யாரு அழறது பிரபாவதி?"

"சீரியல் மேடம்."

"அப்ப நீங்க சத்தமா வாசிங்க. ஒண்ணும் கேக்கல."

வேறு வழியில்லை. பிரபாவதி சத்தமாக வாசித்தாள். "மொதலாளி பேங்குக்குப் போனதும் கணக்குப் பதிவியல். அவரு சாப்ட்டுட்டுக் கண்ணு அசந்ததும் இங்கிலீஷ். லோடு எறங்குறப்ப அவரு குடோன்ல நிப்பாரு, அப்ப வணிகச் சட்டம்."

"ரொம்ப நல்லா யோசிச்சிருக்கீங்க. உங்க முதலாளி கடையில வேலை ஏதாவது பார்ப்பாரா?"

"பாப்பாரு மேடம். அந்த நேரத்துலதான் எனக்கு ரெஸ்ட்டு."

சொல்லி முடித்த பிறகுதான் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை. சீனுவாசன் தடவும் ஜவ்வாது வாசனை சமையலறை முழுக்க நிறைந்திருந்தது. கூடத்தில் வெள்ளையம்மாளின் புலம்பலும் சட்டென்று நின்றுபோனது.

வேலை போச்சு என்று பிரபாவதிக்குப் புரிந்தது. தென்னரசுவிடம் என்ன சொல்வது, நாளைக்கு எந்தக் கடை வாசலில் போய் நிற்பது என்று மனசு அதற்குள் எங்கெங்கோ ஓடியது. திட்டம் எழுதிய காகிதத்தை மடித்தாள். முதலாளி திட்டியிருந்தாலாவது தேவலை. அவர் மூச்சு விடுவது மட்டும் பிடரிக்குப் பின்னால் கேட்டது.

போனில் கலைப்பிரியா மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தச் செருமலும் இரண்டு தடவை கேட்டது.

"அடுத்தது சீனுவாசன், திண்டிவனம். சார், உங்க கேமராவுல பிரபாவதியோட முதுகுதான் தெரியுது. கொஞ்சம் தள்ளி நின்னு உங்க பிளான வாசிங்க, எக்கோ அடிக்குது."