ஒரு கீறலும் படாத சங்கம்

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ மலைகளில் ஏறி, வழுக்கி, மயங்கி, குளவி கொட்டி, மூச்சு வாங்கி விழுந்திருக்கிறார்கள். பாவம், அவர்களுக்கெல்லாம் ஆரணியில் பிறக்கும் பாக்கியம் இல்லை. பிறந்திருந்தால் ஒருவரும் விழுந்திருக்க மாட்டார்கள். விழுந்தே தீருவேன் என்று விழுந்திருந்தாலும், அப்படி ஒன்று நடந்ததாகவே ஆகியிருக்காது.

'ஆரணி சிகரம் தொடுவோர் சங்கம்' இருபத்து நான்கு மலையேற்றங்களை முடித்திருந்தது. இதுவரை ஒரு உறுப்பினருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இருபத்தைந்தாவதும் இப்படியே முடிந்தால் மாவட்ட சாகசப் பேரவை 'விபத்தில்லாச் சங்கம்' என்று கேடயம் கொடுக்கும். இந்தப் பெருமை முழுவதும் சங்கத்தின் மருத்துவச் செயலாளர் தணிகாசலத்தையே சேரும்.

தணிகாசலம் டாக்டர் இல்லை. கம்பவுண்டரும் இல்லை. பரசுராமன் முதலாளியின் பட்டுக்கடையில் முப்பது வருஷமாகச் சேலை பார்க்கிறவர். நெசவாளிகள் கொண்டு வரும் சேலையை வெளிச்சத்தில் விரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். ஓர் இழை அறுந்திருந்தால் போதும், முந்தானை ஓரத்தில் இருக்கும் கடை லேபிளைக் கத்தரித்துவிடுவார். லேபிள் போனால் அது அந்தக் கடைச் சேலை இல்லை. நெய்தவர் தலையிலேயே அதைக் கட்டிவிடுவார்கள். அதனால்தான் முதலாளி மார்தட்டிச் சொல்வார்: "நம்ம கடையிலேர்ந்து ஒரு பழுது சேலை வெளிய போனதா சரித்திரமே கிடையாது."

டாக்டர் 'சுகர், நடங்க' என்று சொன்னதும் முதலாளி நடக்கவில்லை, சங்கம் ஆரம்பித்தார். தனக்குத் துணையாக நெசவாளிகளையும் சேர்த்துக்கொண்டார். உடம்பு திடமாக இருந்தால்தானே சேலை திடமாக வரும்? ஆகவே மலை ஏறாத தறிக்கு மறுமாதம் நெய்யப் பாவு நூல் கிடையாது என்று அன்போடு அறிவித்தார். ஆர்வம் பொங்கிவிட்டது.

எல்லோருக்கும் டி-ஷர்ட் கொடுத்து, நெஞ்சில் ஜரிகை மயில் போட்ட சங்க லேபிளைத் தைத்தார்கள். முதலுதவிப் பெட்டியில் மூன்று பொருள்கள் இருந்தன: ஒரு பூதக்கண்ணாடி, ஒரு கத்தரிக்கோல், ஒரு விதிப்புத்தகம். ஒன்பதாவது மலையேற்றத்தில் நெசவாளி வேலுவுக்குக் கால் பிசகியது. தணிகாசலம் குனிந்து பார்த்தார், மயிலைக் கத்தரித்தார். "யாரோ வழிப்போக்கர் விழுந்துகிடக்கிறார்" என்று அறிக்கையில் எழுதினார். பதினாறாவதில் களம்பூர் அரிசி மில் ஜெயச்சந்திரனைக் குளவி கொட்டியது. அவர் முகம் வீங்கிய வீக்கத்தில், 'ஆளைத் தெரியவில்லை' என்று எழுதியது பொய்கூட இல்லை. குணமானதும் இருவருக்கும் புது மயில் தைத்து, புது உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். சங்கத்துக்குப் பெரிய மனசு.

இருபத்தைந்தாவது மலை, சேத்துப்பட்டைத் தாண்டி இருக்கும் கழுகுப்பாறை. சித்திரை வெயில். 'வெறும் வயிற்றில் ஏறினால் கொழுப்பு எரியும்' என்று போன் வீடியோவில் யாரோ பேசியதைக் கேட்டு, முதலாளி சுகர் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு டிபன் சாப்பிடாமல் வந்திருந்தார்.

பாதி மலையில் அவருக்கு வேர்த்து ஊற்றியது. கை நடுங்கியது. எதிரே இருந்த பாறையைத் தடவிப் பார்த்து, "இதுக்கு பார்டர் சரியில்லையே, யாரு நெசவு?" என்று கேட்டபடி உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணா, சுகர் எறங்கிடுச்சுண்ணா," என்றாள் பூங்காவனம். கடைக்கு இருபது வருஷமாக நெய்கிறவள். சேலைக்கு மேல் மயில் டி-ஷர்ட்டோடு ஏறிக்கொண்டிருந்தாள். "எங்க வூட்டுக்காரருக்கு இப்பிடித்தான் வரும். ஜல்தியா இனிப்பு குடுக்கணும். எங்கிட்ட வெல்லம் கீது."

"இரும்மா. அவசரப்பட்டா ஆச்சா? மொதல்ல நடைமுறைன்னு ஒண்ணு இருக்குது."

"பேசிகினு இருக்கும்போதே குடுத்துடணும்ணா. மயங்கிட்டா வாய்ல ஒண்ணும் வைக்கக் கூடாது."

தணிகாசலத்துக்கு முப்பது வருஷம் உப்புத் தின்ற இடம். முதலாளி மேல் அவருக்கு உயிர். அந்த உயிரினும் மேலான முதலாளியின் கேடயத்தை எப்படிக் காப்பாற்றுவது என்றுதான் தவித்தார். பெட்டியைத் திறந்தார்.

"யோவ், நிறுவனரையே வெட்டலாமாய்யா?" என்றார் ஜெயச்சந்திரன்.

"விதியில 'பழுதானவர் எவராயினும்'னு போட்டுகீது. எழுதினதே மொதலாளிதான்."

"டேய் தணிகாசலம், நான்டா, பரசுராமன்..." என்று முனகினார் முதலாளி.

"பழுதுன்னு வந்துட்டா யாருதுன்னு பார்க்கக் கூடாதுன்னு நீங்கதானேங்க சொன்னீங்க," என்றார் தணிகாசலம். கண் கலங்க மயிலைக் கத்தரித்தார். சங்கத்தின் மானம் பிழைத்தது.

பூங்காவனம் வெல்லத்தோடு குனிந்தாள்.

"நில்லு! ஏழாவது விதி. மலையில் தென்படும் வெளியாளுக்கு உறுப்பினர் எவரும் மருந்தோ தின்பண்டமோ கொடுக்கலாகாது, தொட்டுத் தூக்கலாகாது. பின்னால நம்ம மேல வரும்."

அவள் தன் நெஞ்சில் இருந்த மயிலை இழுத்துக் காட்டினாள். "அப்போ எனக்கும் வெட்டு."

"உனக்கு ஒடம்புக்கு என்னம்மா?"

"ஒண்ணும் இல்ல. நானும் வெளியாளா ஆவணும்."

"மயில் போச்சுன்னா அடுத்த மாசம் உன் தறிக்குப் பாவு வராது. யோசிச்சுக்க."

அவள் யோசித்தாள். வீட்டில் அந்த ஒரு தறிதான். முதலாளியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

"வெட்டுண்ணா. பேஜார் பண்ணாத."

வெட்டினார். அவள் வெல்லத்தைப் பொடித்து முதலாளியின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாள். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. ஆனால் எழுந்து நடக்கத் தெம்பில்லை. தூக்கிப் போக ஆள் வேண்டுமே? வேலு வந்து நெஞ்சை நீட்டினான். "நமக்கு இது பழக்கம்தானே." அவன் பின்னால் வரிசை நின்றது. பத்தே நிமிஷத்தில் பத்து மயில்கள் விழுந்தன. கடைசி மயில் ஜெயச்சந்திரனுடையது. '25ஆம் மலையேற்றம்: விபத்தில்லா வெற்றி விழா' என்று எழுதியிருந்த பேனரையே தூளியாகக் கட்டி, வெளியாட்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வெளியாளைக் கீழே கொண்டுபோனார்கள்.

மலையில் சங்கம் மட்டும் மிஞ்சியது. அதாவது, பெட்டியோடு தணிகாசலம். ஒரே உறுப்பினர், ஒரு கீறல் இல்லாத உறுப்பினர். பெருமையாக நிமிர்ந்து இரண்டு அடி வைத்தார். சரளைக்கல் உருண்டது. கணுக்காலில் மளுக்கென்று சத்தம் கேட்டது.

வலியில் கொஞ்ச நேரம் கத்தினார். கேட்க ஆளில்லை. பிறகு பெட்டியைத் திறந்து, பூதக்கண்ணாடியால் காலைப் பார்த்தார். பழுதுதான், சந்தேகமில்லை. கத்தரிக்கோலை எடுத்துத் தன் நெஞ்சில் இருந்த மயிலைத் தானே வெட்டினார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது, இனித் தன்னைத் தேடி வர ஒரு சங்கமும் இல்லை என்று. பயத்தில் வாய்விட்டு அழுதார்.

வெயில் உச்சிக்கு வந்தபோது பூங்காவனம் ஏறி வந்தாள். "கீழ எண்ணிப் பார்த்தோம்ணா, ஒரு ஆளு கொறஞ்சுது. பொட்டில கட்டுத்துணி எதனா கீதா?"

"கத்தரிக்கோல் இருக்குதும்மா."

அவள் தன் துண்டைக் கிழித்து, ஒரு குச்சி வைத்துக் காலை இறுக்கிக் கட்டினாள். "நீ லேபிள் வெட்டின சேலையைத்தான்ணா என் பொண்ணு கண்ணாலத்துக்கு நான் கட்டினேன். இன்னிக்கி வரைக்கும் ஒரு இழை பிரியல," என்று சொல்லி, அவர் கையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

கேடயம் வந்தது. கடையில் விழா. பூங்காவனத்துக்கு அழைப்பு இல்லை; உறுப்பினர் இல்லையே. அந்த மாதம் பாவும் இல்லை. முதலாளி புது மயிலும் மாலையுமாக நிற்க, பத்திரிகைக்காரர் ஒருவர் மாவுக்கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தவரைக் காட்டிக் கேட்டார்: "சார், விபத்தே இல்லைன்னு சொல்றீங்க. இவருக்கு என்ன ஆச்சு?"

முதலாளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவரா? யாரோ வழிப்போக்கர்ங்க. பாவம்னு உக்கார வெச்சிருக்கோம்."

முப்பது வருஷம் சேலை பார்த்த கண், முதன்முதலாக முதலாளியை மேலிருந்து கீழ்வரை பார்த்தது. பத்திரிகைக்காரர் தணிகாசலத்திடம் வந்தார். "பெரியவரே, ஐயாவை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க," என்றார் தணிகாசலம். "கழுகுப்பாறையில யாரோ ஒரு ஆள் விழுந்துகிடந்தாரு. பூங்காவனம்னு ஒரு அம்மா தன் பொழைப்பையே விட்டுட்டு, வெல்லம் குடுத்துக் காப்பாத்துச்சு. அந்த ஆளுக்கு இவர் சாடைதான்."