மாப்பிள்ளை வாசலில் சுருட்டுப் பிடிக்க அனுமதி

உசிலம்பட்டி,
ஆவணி, 1936

அன்புள்ள மாப்பிள்ளை பால்பாண்டி அவர்களுக்கு,

மாமன் மலையாண்டி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் மாடு கன்றும் சுகம். தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் ஒச்சம்மாளும் சுகம். பேத்தி மட்டும் இருமுகிறாள், அதனால்தான் இந்தக் கடிதம்.

குற்றம் சொல்வதாக நினைக்கவேண்டாம். என் முன்னால் சுருட்டுப் பிடிக்கக் கூடாது என்கிற உங்கள் மரியாதையில் எனக்கு ரொம்பப் பெருமை. ஆனால் வாசலில் நான், அடுப்படியில் அத்தை, களத்தில் மச்சான்மார் என்று எல்லாப் பக்கமும் மரியாதைக்குரியவர்களாகவே உட்கார்ந்திருக்க, நீங்கள் வேறு வழியில்லாமல் பிள்ளை படுத்திருக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறீர்கள், அங்கே காற்றுப் படக்கூடாது என்று ஜன்னலை அத்தை ஏற்கெனவே அடைத்து வைத்திருக்கிறாள், போன வாரம் ஓட்டு இடுக்கில் புகை வருவதைப் பார்த்து அவள் "ஏங்க, வீடு பத்திக்கிச்சு" என்று தண்ணீர்க் குடத்தோடு ஓடிவர, "கதவத் தட்டாத, மாப்ள உள்ள இருக்காரு" என்று நான் மறித்தேன், நீங்கள் வெளியே வந்து "உள்ள புழுக்கம் மாமா" என்றீர்கள், நானும் "இம்புட்டு வெயிலுக்கு இருக்கத்தான செய்யும்" என்றேன். இப்படியே நாம் இரண்டு பேரும் மரியாதையாக இருந்துவிட்டோம்.

நேற்று டாக்டர் பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, "வீட்டுல யாரு சுருட்டுக் குடிக்கிறது?" என்றார். மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுப்பேனா? யாருமில்லை என்றேன். "அப்ப இந்தப் பிள்ளதான் குடிக்குது போல" என்றார். ஒருவர் விடுகிற புகை பக்கத்தில் இருப்பவர் நெஞ்சுக்குள்ளும் போகிறதாம், பால்குடிக்கு அது தாங்காதாம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த அறை ஜன்னலைத் திறந்துவிட்டேன் மாப்பிள்ளை.

ஆகையால் அடுத்த முறை வந்தால் என் எதிரிலேயே, வாசல் கட்டிலில் உட்கார்ந்து பிடியுங்கள். கூச்சமாக இருந்தால் நான் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் இருக்கவேண்டும்.

உங்கள் மாமன்,
மலையாண்டி

பி.கு.: அத்தைக்கு இதைப் படித்துக் காட்டியபோது ஒச்சம்மாள் கேட்டுவிட்டாள். "வாசல்ல குடிச்சிட்டு அந்த வாயோட வந்து பிள்ளைக்கு முத்தம் குடுக்கவா? அடியோட விட்டுட்டு வரச் சொல்லுங்கப்பா. அவரு கொரலக் கேட்டாத்தான் அது சிரிக்குது" என்கிறாள். ஆகவே மேலே கொடுத்த அனுமதி ரத்து. வந்ததும் வாயை ஊதிக் காட்டினால்தான் பிள்ளையைக் கையில் தருவாளாம். முகர்ந்து பார்க்கிற வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறாள். மாமன் என்று பார்க்காமல், கொஞ்சம் பலமாகவே ஊதுங்கள் மாப்பிள்ளை.